சபை மழலையர் பள்ளியில் விசுவாசப் பாடம்: மனன வசனமா, மண்ணில் செய்த ஆடா?

அரசலாறு_டீச்சர் | திங்கள், காலை 10.12

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் உள்ள ஒரு சிற்றூரில், எங்கள் சபை நடத்தும் மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் தினமும் காலை அரை மணி நேர விசுவாசப் பாடத்துக்கு ஒரு திட்டம் எழுதித் தரும்படி தாளாளர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு வயது 3 முதல் 5. பாதிக்கு மேல் இந்துக் குடும்பங்கள், சில முஸ்லிம் குடும்பங்கள். சபைப் பிள்ளைகள் குறைவுதான்.

இதுவரை நடந்துவந்தது இது: வாரம் ஒரு மனன வசனம். வெள்ளிக்கிழமை ஒப்பித்தால் புறங்கையில் நட்சத்திர முத்திரை. ஆண்டு விழாவில் அதிக வசனம் சொல்லும் பிள்ளைக்குக் கோப்பை. மேடையில் அது நன்றாகத்தான் இருக்கிறது. மூப்பர்கள் கண்கலங்குகிறார்கள், பெற்றோர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். ஆனால் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று தொடங்கும் 23-ஆம் சங்கீதத்தைக் கணீரென்று சொல்லி முடித்த பிள்ளையிடம் அந்த ஆடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டுகிறது. அந்தப் படத்தில் பனிமலையும் சுருள்மயிர் ஆடும் இருக்கின்றன. பள்ளிக்குப் பின்னால் வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். அந்த ஆடுகளுக்கும் சங்கீதத்துக்கும் ஒரு தொடர்பும் அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

மூன்று வயதுப் பிள்ளைக்கு விசுவாசத்தை எப்படிக் கொடுப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஞானப்பாட்டு_தாத்தா | திங்கள், காலை 11.30

அம்மா, தஞ்சாவூரில் பல காலம் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மனப்பாடத்தை இப்படி எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். 'அறம் செய விரும்பு' என்று நாம் எல்லாரும் பொருள் தெரிந்துகொண்டா ஒப்பித்தோம்? ஐந்து வயதில் வாயில் ஏறியது முப்பது வயதில் மனதில் இறங்கும். திண்ணைப் பள்ளி காலத்திலிருந்து தமிழ்ப் பிள்ளை படித்த முறை அது. பொருள் புரிந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்றால், 23-ஆம் சங்கீதம் எனக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை, நானும் வாயைத் திறக்கக் கூடாது.

சுவர்ப் படத்தைக் கிழித்துப் போடுங்கள், அதற்கு நானும் கை கொடுக்கிறேன். வசனத்தை விடாதீர்கள்.


கடைமடை | திங்கள், பகல் 12.05

முதலில் அந்தக் கோப்பையை நிறுத்துங்கள். வாங்காத பிள்ளையை இயேசுவுக்குப் பிடிக்காது என்றுதான் மற்றவை புரிந்துகொள்ளும்.


வெண்ணாற்றங்கரை_சிஸ்டர் | திங்கள், இரவு 8.47

டீச்சர், உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது: பள்ளிக்குப் பின்னால் கிடை போட்டிருக்கிறார்கள் என்றீர்களே.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாற்றுக்கு வந்து, போர் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கியது பலருக்குத் தெரியும். அவர் கத்தோலிக்கர் என்பதும், சிறு பிள்ளைகளின் சமயக் கல்வியைப் பற்றி நிறைய யோசித்தவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவருடைய வழியைப் பிடித்துக்கொண்டு 1954-இல் ரோமில் இரண்டு பெண்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஒருவர் சோஃபியா கவல்லெட்டி, எபிரேய மொழி அறிஞர். மற்றவர் ஜன்னா கோபி, மாண்டிசோரி ஆசிரியை. நல்லாயன் மறைக்கல்வி என்று அது வளர்ந்து பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. அவர்கள் கண்டது, 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் மனதில் மற்ற எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதிவது நல்ல ஆயன் உவமை என்பதுதான். கட்டளைகளும் பாவப் பட்டியலும் பிறகு வரட்டும். தன்னைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அந்த வயதுக்கு வேண்டியது.

முறை எளிது. ஒரு சிறிய பட்டி, சில மர ஆடுகள், ஓர் ஆயன். ஆசிரியர் உவமையை மெதுவாகச் சொல்லிக்கொண்டே ஆடுகளை நகர்த்துவார். முடிந்ததும் பாடம் நடத்தமாட்டார். 'இந்த ஆடுகளுக்கு ஆயனின் குரல் எப்படித் தெரியும்?' என்பதுபோல் ஒரு கேள்வியை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். பிறகு பிள்ளையே அவற்றை எடுத்து வைத்து விளையாடும். பதில் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி.

எங்களிடம் மர ஆடு வாங்கப் பணமில்லை. வாய்க்கால் களிமண்ணில் பிள்ளைகளே செய்தார்கள். கால்கள் காய்ந்து உடைந்துகொண்டே இருந்தன. எங்கள் ஆயாம்மாதான் ஈர்க்குச்சியை ஒடித்து உள்ளே செருகச் சொன்னார். பங்குனியில், உளுந்து எடுத்த வயலில் இராமநாதபுரத்துக் கீதாரி (ஆடு மேய்ப்பவர்) ஒருவர் கிடை போட்டிருந்தார். பிள்ளைகளை வரப்போரம் அழைத்துப் போய் உட்காரவைத்தோம். மேய்ச்சலுக்குப் போன தாய் ஆடுகள் திரும்பும் நேரம் அது. கவிழ்த்த கூடைகளைத் தூக்கியதும் குட்டிகள் ஓடின. அத்தனை கத்தலுக்கு நடுவில் ஒவ்வொன்றும் தன் தாயின் குரலைப் பிடித்துப் போய் மடியில் முட்டியது. ஒரு பிள்ளையும் பேசவில்லை.

நூறு ஆடுகளில் காணாமல் போன ஒன்றை ஆயன் தேடிப் போகும் கதை அவர்களுக்குத் தெரியும். நூறு என்ற எண் இந்த வயதுக்குப் பிடிபடாது என்பதால் பத்து ஆடு என்றுதான் சொல்லியிருந்தேன். ஒரு சிறுவன் எழுந்து கீதாரியிடமே கேட்டான்: "ஒன்றைத் தேடிப் போனால் மற்ற ஆடுகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" நான் இத்தனை ஆண்டு மறைக்கல்வியில் கேட்காத கேள்வி. அவர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "என் தம்பியை நிற்கவைத்துவிட்டுப் போவேன், நாய் இருக்கிறது. ஆனால் போகாமல் இருக்கமாட்டேன்." மறுநாள் களிமண் பட்டியின் வாசலில் ஒரு தம்பியும் ஒரு நாயும் முளைத்திருந்தார்கள்.


கொள்ளிடம்_அப்பா | செவ்வாய், காலை 7.20

நான் கிறிஸ்தவன் இல்லை. என் மகள் அப்படி ஒரு பள்ளியில்தான் படிக்கிறாள், அதனால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டிருக்கிறோம், நாகூர் தர்காவுக்கும் போவோம், வைத்தீஸ்வரன்கோயில் எங்கள் குலதெய்வக் கோயில். ஆகவே மகள் சாப்பிடும் முன் கைகூப்பி ஜெபம் சொல்லத் தொடங்கியபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. பாட்டி முதல் விள்ளலை வாயருகே கொண்டுபோனால் "இன்னும் ஆமென் சொல்லவில்லை" என்று தடுப்பாள். பாட்டியும் ஆமென் சொல்லிவிட்டுத்தான் இட்லியைத் தொடுவார்.

ஆனால் இதற்கு முன் வேறொரு பள்ளியில் சேர்த்திருந்தோம். ஊரும் பெயரும் வேண்டாம். அங்கே ஓர் ஆசிரியை, வீட்டில் இருக்கும் பிள்ளையார் பொம்மைக்குள் பிசாசு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான்கு வயதுக் குழந்தை. அன்றிலிருந்து பூஜை அறையைக் கடந்து குளியலறைக்குப் போகமாட்டேன் என்று இரவில் அழுதாள். பாட்டி விளக்கேற்றப் போனால் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பள்ளியை மாற்றினோம், ஆனால் அந்தப் பயம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

டீச்சர், உங்கள் கடவுளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். எங்கள் வீட்டுச் சாமியைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். என் கோரிக்கை அவ்வளவுதான்.


ஆரூர்_கறுப்புச்சட்டை | செவ்வாய், காலை 9.02

களிமண் ஆடு, கீதாரி எல்லாம் படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் தொடவில்லை. மறுத்துப் பேசத் தெரியாத வயதில் ஒரு மதத்தை ஊட்டுவது நியாயமா? பதினெட்டு வயதுக்குப் பிறகு அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். எழுத்து, எண், பாட்டு, விளையாட்டு, நல்ல மதிய உணவு இவையே மூன்று வயதுக்குப் போதும். அங்கன்வாடியில் அதைத்தானே தருகிறார்கள்?


வெண்ணாற்றங்கரை_சிஸ்டர் | செவ்வாய், காலை 10.15

ஆரூர்_கறுப்புச்சட்டை எழுதியது: «மறுத்துப் பேசத் தெரியாத வயதில்...»

ஐயா, மூன்று வயதுப் பிள்ளை மறுப்பதை நீங்கள் பார்த்ததே இல்லை என்று தெரிகிறது. ஒரு வாரம் எங்கள் வகுப்புக்கு வாருங்கள்.

ஆனால் கேள்வி சரியான கேள்விதான். பிள்ளை எழுந்து போக வழி இருக்க வேண்டும். எங்கள் அறையில் ஒரு மூலையில் மணல் தட்டும் கட்டைகளும் இருக்கும். உவமை நேரத்தில் யார் வேண்டுமானாலும் அங்கே போகலாம், யாரும் கூப்பிடமாட்டோம். பெரும்பாலும் போவது சபைப் பிள்ளைகள்தான். கதை அவர்களுக்கு வீட்டிலேயே தெரியும்.


வழக்குமன்றத்_தெரு | செவ்வாய், மாலை 6.33

சட்டப்படி கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 30(1) பிரிவு சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையங்கள் நிறுவி நடத்த உரிமை தருகிறது. ஆனால் 28(3) பிரிவும் இருக்கிறது. அரசின் அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதியுதவி பெறும் நிலையத்தில் பயிலும் யாரையும், அவர் இசைவு இல்லாமல், சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது. சிறுவர் என்றால் காப்பாளரின் இசைவு தேவை.

சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டுக் கையெழுத்து வாங்குகிற வழக்கம் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். தனித்தாளில், தமிழில், என்ன சொல்லித் தருவீர்கள் என்று எழுதி, வேண்டாம் என்றால் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்பதையும் எழுதுங்கள். வேண்டாம் என்ற பெற்றோரின் பிள்ளையை வராந்தாவில் தனியாக உட்காரவைத்தால் கையெழுத்து வாங்கியும் பயனில்லை.


நாகை_கடற்கரை | செவ்வாய், இரவு 9.50

எல்லாரும் எப்படிச் சொல்வது என்று பேசுகிறீர்கள். எதைச் சொல்லாமல் விடுவது என்றும் பேச வேண்டும்.

நோவாவின் பேழை. எந்த மழலையர் பள்ளிச் சுவரிலும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் எட்டிப் பார்க்கும் அந்தப் படகு இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் அந்தக் கதையை எப்படிச் சொல்வது? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நிவாரண முகாமில் பிள்ளைகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தேன். வெளியூரிலிருந்து நல்ல மனதோடு வந்த ஒரு குழு, வண்ணப் படங்களை விரித்து இதே கதையைச் சொல்லத் தொடங்கியது. கெட்டவர்களைக் கடவுள் தண்ணீரால் அழித்தார் என்ற இடம் வந்ததும் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்: "என் தம்பி என்ன கெட்டது செய்தான்?" குழுவில் இருந்தவர் படத்தைச் சுருட்டிவிட்டார்.

இந்த வயதுப் பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்வார்கள். உவமை, உட்பொருள் என்பதெல்லாம் பின்னால் வருவது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்ட பிறகும், காற்று அடித்தால் சாமிக்குக் கோபமா என்று கேட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொன்ன கதை, படகில் புயல் அடித்தபோது சீடர்களோடு இயேசுவும் அதே படகில் இருந்தார் என்பது. மீனவப் பிள்ளைகளுக்குப் படகையும் அலையையும் விளக்க வேண்டியதில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார் என்ற இடத்தில் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களின் அப்பாக்களும் படகில் அப்படித்தான் தூங்குவார்களாம்.

பெரிய வெள்ளிக்கும் இதே கவனம் வேண்டும். ஆணி, இரத்தம், முள்முடி என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் நீட்டி முழக்காதீர்கள். இறந்தார், உயிரோடு எழுந்தார் என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை பாதியைச் சொல்லி அனுப்பிவிட்டு மீதியைத் திங்கள்கிழமை சொல்கிறோம் என்றால், நடுவில் மூன்று இரவு அந்தப் பிள்ளை எதை வைத்துக்கொண்டு தூங்கும்?


ஆயர்_இல்லம் | புதன், காலை 6.40

ஒரு கிராமச் சபையின் போதகன் நான். சகோதரிகள் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை. மற்றவர்களுக்கு உறுத்தாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது 'பொய் சொல்லாதே, பகிர்ந்து சாப்பிடு, வரிசையில் நில்' என்பவைதான். அது ஒழுக்க வகுப்பு. அதற்கு சபை எதற்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயமுறுத்துவதைவிட மெல்லிய ஒரு தவறு நம் பள்ளிகளில் தினமும் நடக்கிறது. 'அழாமல் இருந்தால் இயேசப்பாவுக்குப் பிடிக்கும்', 'சாப்பாட்டைச் சிந்தினால் இயேசப்பா வருத்தப்படுவார்'. வகுப்பை அடக்க ஆண்டவரைப் பிரம்பாகப் பயன்படுத்துகிறோம். நற்செய்தி இதற்கு நேர் எதிரானது. அழுகிற பிள்ளையையும் அவருக்குப் பிடிக்கும் என்பதுதான் செய்தி. சீடர்கள் அதட்டி விரட்டிய பிள்ளைகளை அவர் கூப்பிட்டு அணைத்துக்கொண்டார் என்றுதானே எழுதியிருக்கிறது. அங்கே ஒரு பிள்ளையும் வசனம் ஒப்பித்ததாக இல்லை. (தாத்தா மன்னிக்க வேண்டும்.)


கடைமடை | புதன், காலை 8.11

ஆயர் ஐயா சொன்னதை எல்லா மழலையர் பள்ளி வாசலிலும் எழுதிப் போடலாம். கால்சட்டையை நனைத்த பிள்ளையை ஆயாம்மா எப்படிக் கழுவிவிடுகிறார் என்பதை மற்றப் பிள்ளைகள் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்தினால் அன்று காலை சொன்ன உவமை போயிற்று. இதைத் திட்டத்தில் எழுத முடியாது, ஆனால் ஆயாம்மாவின் சம்பளத்தை உயர்த்த முடியும்.


ஞானப்பாட்டு_தாத்தா | புதன், பகல் 3.25

மன்னித்தேன் ஐயரே. ஆனால் கொள்ளிடத்துத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளையைப் பிசாசு காட்டி மிரட்டுவது எங்கள் தஞ்சாவூர்ப் பாரம்பரியமே அல்ல.

நம் பகுதியின் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்கு எப்படித் தமிழ் படித்தார்? உள்ளூர் வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். சொல்லிக்கொடுக்க வந்தவர் முதலில் பிள்ளைகளோடு பிள்ளையாகக் கற்றுக்கொண்டார்.

அடுத்து சுவார்ட்ஸ் ஐயர். தஞ்சை மன்னர் துளஜாஜி 1787-இல், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை அவர் பொறுப்பில் ஒப்படைத்தார். ஒரு மராத்திய அரசகுமாரன், ஒரு லுத்தரன் குருவானவர். சுவார்ட்ஸ் நினைத்திருந்தால் அந்தப் பிள்ளையை எப்படி வேண்டுமானாலும் வளைத்திருக்கலாம். சரபோஜி மதம் மாறவில்லை. கடைசி வரை இந்து மன்னராகவே இருந்தார். ஆனால் 1798-இல் சுவார்ட்ஸ் இறந்த பிறகு, இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் நினைவுச் சின்னம் செய்ய வைத்தவர் அதே சரபோஜிதான். அரண்மனை அருகே சுவார்ட்ஸ் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது: படுக்கையில் ஐயர், பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி மன்னர். அதே சுவார்ட்ஸிடம் படித்த வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். ஒரே ஆசானிடம் படித்தவர்கள்தாம். ஒருவர் சுவிசேஷக் கவி, மற்றவர் கோயிலுக்குக் கொடுத்த மன்னர். இருவருமே அவரைக் கடைசி வரை மறக்கவில்லை.

டீச்சர், உங்கள் தாளாளர் ஆண்டு முடிவில் என்ன பலன் கண்டீர்கள் என்று கேட்டால் அவரை அந்தத் தேவாலயத்துக்கு அழைத்துப் போங்கள்.


ஆரூர்_கறுப்புச்சட்டை | புதன், மாலை 5.00

சரபோஜி கதை நல்ல கதை, தாத்தா. ஆனால் அவருடைய பக்கத்தில் ஓர் அரசு இருந்தது. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டணம் குறைவு என்பதற்காகவே சேர்க்கிற பெற்றோர், தாளில் வேண்டாம் என்று எழுதத் துணிவார்களா? வழக்குமன்றத் தெருக்காரர் இதற்குப் பதில் சொல்லட்டும்.


வழக்குமன்றத்_தெரு | புதன், மாலை 7.48

சட்டத்திடம் இதற்குப் பதில் இல்லை. பள்ளியின் யோக்கியதைதான் பதில். ஒரு யோசனை: இசைவுத் தாளைச் சேர்க்கையன்று கொடுக்காதீர்கள். இடம் உறுதியாகி, கட்டணம் கட்டி, பிள்ளை வரத் தொடங்கிய பிறகு கொடுங்கள்.


அரசலாறு_டீச்சர் | வியாழன், இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. இன்று தாளாளரிடம் பேசினேன். கோப்பை இல்லை என்றதும் முகம் சுருங்கியது. ஆண்டு விழாவில் மேடையில் என்ன காட்டுவது என்று கேட்டார். பிள்ளைகள் பெற்றோரை வகுப்பறைக்கு அழைத்துப் போய் தங்கள் ஆட்டுப்பட்டியைக் காட்டுவார்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார், அவர் யோசிக்கிறேன் என்றால் பாதிச் சம்மதம்.

ஜூன், ஜூலையில் ஆடும் ஆயனும் மட்டும். ஒரே கதைதான், பிள்ளைகள் கேட்கிறவரை திரும்பத் திரும்ப. எங்கள் பக்கம் நாற்றங்கால் விடும் சமயத்தில் விதைக்கிறவன் உவமை. பாறை, முள், நல்ல நிலம் எல்லாவற்றையும் வாய்க்கால் ஓரத்திலேயே காட்டிவிடலாம். ஒரு தட்டில் நெல் முளைக்கவும் வைக்கலாம். மழைக்காலம் வந்தால் படகுக் கதை, டிசம்பரில் பெத்லகேம். பேழைப் படத்தைக் கழற்றியாயிற்று. அந்த இடத்தில் நம் ஊர்க் கிடையைப் புகைப்படம் எடுத்து மாட்டப் போகிறேன். மணல் மூலைக்கு ஒரு தட்டு வாங்க வேண்டும். இசைவுத் தாளை ஜூலையில்தான் கொடுப்போம். மற்ற வீடுகளின் சாமியைப் பற்றி வகுப்பில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று ஆசிரியைகளுக்கு எழுத்திலேயே கொடுக்கப் போகிறேன். ஆயாம்மாவின் சம்பளம் பற்றியும் பேசினேன். அதற்கும் யோசிக்கிறேன் என்றார், ஆனால் வேறு குரலில்.

சிஸ்டர், ஈர்க்குச்சி வைத்தும் கழுத்தில் விரிசல் விடுகிறதே, என்ன செய்வது?


வெண்ணாற்றங்கரை_சிஸ்டர் | வியாழன், இரவு 9.40

வெயிலில் வைக்காதீர்கள். நிழலில், ஈரத்துணி போட்டு மூடி, மெதுவாகக் காயவிடுங்கள். மண்ணோடு கொஞ்சம் வைக்கோலை நறுக்கிப் பிசைந்தால் இன்னும் நல்லது.


ஞானப்பாட்டு_தாத்தா | வெள்ளி, காலை 5.55

திட்டத்தைப் படித்தேன், நன்றாக இருக்கிறது. வசனம் எங்கே அம்மா? 23-ஆம் சங்கீதத்துக்குக் கும்மி மெட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பிள்ளைகள் சுற்றிவந்து கைகொட்டினால் தானாக வாயில் நின்றுவிடும். யாரையும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். என் பேத்தியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பட்டுமா?


அரசலாறு_டீச்சர் | வெள்ளி, காலை 7.05

அனுப்புங்கள் தாத்தா. முதல் இரண்டு அடி மட்டும். மூன்றாவது அடியை அவர்கள் கேட்டால் நானே உங்களிடம் வருகிறேன்.